மேல்மலையில கஷாயம் வைக்கிறது: எந்தச் செடி, எவ்வளவு, எங்கே தப்புது?

#1 கவுஞ்சிக்காத்து

வீட்டு மருந்துக் குறிப்பு எதை எடுத்தாலும் கீழ்நாட்டுக்காரங்களுக்கு எழுதினதாவே இருக்கு. "வாசல் வேப்பமரத்துல ரெண்டு கொத்து ஒடிச்சு", "வேலியில நொச்சி பறிச்சு", "ரெண்டு நாள் வெயில்ல சுக்கா காயவச்சு". கொடைக்கானல் மேல்மலையில வேம்பு இல்ல, நொச்சி இல்ல. ஐப்பசி கார்த்திகையில வெயிலும் இல்ல. கற்பூரவள்ளியை வச்சா மார்கழி உறைபனியில ஒரே ராத்திரியில கருத்துச் சுருண்டுடுது.

மூணு விஷயம் தெளிவாகணும்:

ஒண்ணு, சளி இருமலுக்குச் சொல்ற இலைகளுக்கு 2,000 மீட்டர் உயரத்துல மாற்று எது?

ரெண்டு, "15 நிமிஷம் கொதிக்கவிடு"ன்னு போட்டிருக்காங்க. இங்க 15 நிமிஷத்துல தண்ணி நிறமே மாற மாட்டேங்குது, சித்தரத்தை விறகு மாதிரி கிடக்கு. ஏன்?

மூணு, இடிச்சு வச்ச பொடி ஒரு மாசத்துல கட்டி கட்டி, பூசண வாடை அடிக்குது. எங்க தப்பு?

#2 உரல்உலக்கை

ரெண்டாவதுல இருந்து ஆரம்பிக்கிறேன். மத்ததுக்கும் அதுதான் அடிப்படை.

கொடைக்கானல் உயரத்துல தண்ணீர் 93 டிகிரியிலயே கொதிச்சிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்துல அதுக்கு மேல சூடு ஏறாது, ஆவிதான் கூடும். இலை, பூவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வேர், கிழங்கு, பட்டை, காய் இதுக்கெல்லாம் அந்த 7 டிகிரி பெரிய வித்தியாசம். பருப்பு இங்கே குக்கர் இல்லாமல் வேகாதது எதனாலோ, சித்தரத்தை விறைச்சுக் கிடப்பதும் அதனால்தான்.

செய்ய வேண்டியது:

சுக்கு, சித்தரத்தை, திப்பிலி, கண்டந்திப்பிலி, அதிமதுரம் மாதிரி கெட்டிச் சரக்கை ஒன்றிரண்டாக இடிக்கணும். ரவையை விடப் பெரிசு, மிளகை விடச் சிறிசு. மாவாக்கினால் அடியில் பிடிக்கும், வடிகட்டவும் வராது. இடித்ததை அளந்த தண்ணீரிலேயே ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் அந்தத் தண்ணீரோடயே அடுப்பில் வைங்க. ஊற நேரம் இல்லைன்னா குக்கரில் தண்ணீரோடு ரெண்டு விசில் விட்டு, அப்புறம் திறந்த பாத்திரத்துக்கு மாற்றி வற்ற விடலாம். குக்கர் வேக வைக்கும், வற்ற வைக்காது. அதோடு நிறுத்தினால் அது கஷாயம் இல்லை, வெந்நீர்.

கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். வழக்கமான குடிநீர் (சித்த மருத்துவத்தில் கஷாயத்துக்குப் பேர்) அளவு 5 கிராம் சரக்கு, 200 மி.லி. தண்ணீர், 50 மி.லி. ஆக வற்றணும், அதாவது நாலில் ஒன்று. இதைக் கண் மதிப்பில் பிடிக்க முடியாது. முதலில் வெறும் பாத்திரத்தில் 50 மி.லி. தண்ணீரை ஊற்றி, ஒரு ஈர்க்குக்குச்சியை நட்டுக்க நிறுத்தி, ஈரம் ஏறின இடத்தில் நகத்தால் கீறிக்கோங்க. சரக்கும் ஊறி இடத்தை அடைக்கும், அதனால் கீறலுக்கு ஒரு நூல் மேலே நீர் நிற்கும்போதே இறக்கிடுங்க. அடுப்பு சிறுதீ, பாத்திரம் திறந்தபடி.

துளசி, கற்பூரவள்ளி, புதினா மாதிரி வாசனை இலைகளை ஆரம்பத்திலேயே போட்டால் வாசனை முழுக்க வீட்டுக்கூரைக்குத்தான் போகும். இறக்கினதும் போட்டு, மூடி, 10 நிமிஷம் விடுங்க.

#3 தாண்டிக்குடி_மிளகு

> இங்க 15 நிமிஷத்துல தண்ணி நிறமே மாற மாட்டேங்குது

பாத்திரத்தையும் பாருங்கப்பா. சொம்புல வச்சா ஆவி போக வாயே இல்ல. அகலமான சட்டி வேணும். மண்சட்டி, இல்லேன்னா எவர்சில்வர். நெல்லி, எலுமிச்சை, புளிப்புச் சரக்கு எதையும் அலுமினியத்துல வைக்காதீங்க. கடுக்காயை இரும்புச்சட்டியில போட்டா மை மாதிரி கருத்துடும். கெட்டுப்போனது இல்ல, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து நிஜமாவே மைதான். அதைக் குடிக்க யாருக்கு மனசு வரும்.

#4 உரல்உலக்கை

சரியாச் சொன்னீங்கண்ணே.

ஒரு சேர்க்கை. பழைய ஏடு, பாட்டி கைக்குறிப்புல பலம், வராகன், ஆழாக்குன்னு இருந்தால்: 1 பலம் 35 கிராம், 1 வராகன் 4.2 கிராம், 1 ஆழாக்கு 168 மி.லி., 1 உழக்கு 336 மி.லி. "திரிகடி" என்பது மூணு விரல் நுனியில் எடுக்கிற அளவு. ஏட்டில் "ஒரு பலம்" என்றிருப்பதை ஒரு டம்ளர் பொடின்னு எடுத்துக்கிட்டவங்களும் உண்டு, அதனால்தான் சொல்றேன்.

வைத்த குடிநீரை 3 மணி நேரத்துக்குள் குடிச்சிடணும். சித்த மருத்துவத்தில் குடிநீர், சாறு இரண்டுக்கும் ஆயுள் அவ்வளவுதான். சூரணத்துக்கு, அதாவது பொடிக்கு, 3 மாதம். "குளிர்தானே, ராத்திரி வரை கெடாது"ன்னு பிளாஸ்கில் ஊற்றி வைக்கிறாங்க. வெளியே குளிர், பிளாஸ்குக்குள்ளே இளஞ்சூடு. கெடுவதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லை.

#5 தாண்டிக்குடி_மிளகு

மூணாவது கேள்விக்கு வர்றேன். பொடி பூசணம் பிடிக்கிறதுக்கு டப்பாவைக் குறை சொல்றாங்க. தப்பு டப்பாவுல இல்ல, இடிக்கிறதுக்கு முன்னாடியே நடந்துடுது.

இலையைப் பறிக்கிற நேரம் முக்கியம். பனி ஈரம் வடிஞ்சு, காலையில 10 மணிக்கு மேல பறிங்க. கழுவினா துணியில உதறி ஒத்தி எடுக்கணும். அடுக்கா குவிச்சா நடு இலை வேர்த்துப் பழுப்பாயிடும். காம்போட பத்துப் பத்துக் கொத்தாக் கட்டித் தலைகீழாத் தொங்கவிடுங்க. விறகடுப்பு இருக்கிற வீட்டுல அடுப்புக்கு நேர் மேல பரண்ல கட்டினா புகை வாடை ஏறும், கரியும் படியும். அடுப்புக்கு ரெண்டு முழம் தள்ளிக் கட்டுங்க, சூடு வரும், புகை வராது.

காஞ்சதுக்கு அடையாளம்: இலை நொறுங்கினா மட்டும் பத்தாது, காம்பை வளைச்சா "டக்"னு ஒடியணும். வளைஞ்சு நார் தெரிஞ்சா இன்னும் ஈரம் உள்ள இருக்கு. இலை காம்புக்கு முன்னாடியே காஞ்சிடும், அதைப் பாத்து ஏமாந்து இடிச்சிடுறோம், காம்பு ஈரம் பொடி பூரா பரவிடுது.

எடையில பாக்கணும்னா பச்சையா ஒரு கிலோ ஆடாதோடை இலை காஞ்சா கால் கிலோவுக்குள்ள வரணும். முன்னூறு நானூறு கிராம் நின்னா காயலைன்னு அர்த்தம்.

இடிச்ச சூடு ஆறினப்புறம்தான் பாட்டில்ல அடைக்கணும். மேல்மலையில மூடியைத் தொறந்தாலே மூடுபனி உள்ள போயிடும். அதனால பெரிய பாட்டில்ல மொத்தமா வைக்காதீங்க. பத்து நாளைக்கு ஒரு சின்னச் சீசான்னு பிரிச்சு வைங்க. இன்னும் நல்லது, இடிக்காம முழுசா வச்சுக்கிட்டு, வேணுங்கறப்போ வாராவாரம் இடிக்கறது.

பூசணம் வந்ததை வெயில்ல காயவச்சு, வறுத்து, சலிச்சுத் திரும்ப எடுத்து வைக்கிற பழக்கம் இருக்கு. பூசணம் செத்தாலும் அது விட்ட நஞ்சு வறுத்தாலும் போகாது. குப்பைக்குழிதான் அதுக்கு இடம்.

#6 பூண்டுவாசம்

மாற்று மருந்துன்னு எங்கெங்கயோ தேடறீங்க, காலடியில மலைப்பூண்டு கிடக்கு. பூம்பாறை, மன்னவனூர், கிளாவரைப் பக்கம் விளையற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. சளிக்கு மேல்மலையில பூண்டுப் பாலுக்கு மிஞ்சினது இல்ல. ஆனா பத்துல எட்டுப் பேர் அதைத் தப்பாத்தான் செய்றாங்க.

பூண்டை உரிச்சு முழுப் பல்லா பால்ல போட்டுக் கொதிக்கவச்சா, அது வெந்த பூண்டு, அவ்வளவுதான். பூண்டுக்குள்ள காரச் சத்து தயாரா உக்காந்திருக்கறதில்ல. நசுக்கும்போது உள்ள தனித்தனியா இருக்கிற ரெண்டு பொருள் கலந்து அப்பத்தான் உண்டாகுது. சூடு பட்டா அதை உண்டாக்குற நொதி செத்துடும். அதனால நசுக்கி, 10 நிமிஷம் சும்மா வச்சு, அப்புறம் அடுப்பு.

அளவு பெரியவங்க ஒருத்தருக்கு: மலைப்பூண்டு 4 பல் (கீழ்நாட்டுப் பூண்டுன்னா 6), பால் 100 மி.லி., தண்ணி 100 மி.லி. நசுக்கி வச்சதைப் போட்டுச் சிறுதீயில 100 மி.லி. ஆகுற வரைக்கும். தண்ணி சேர்க்காம வெறும் பால்ல வச்சா பூண்டு வேகுறதுக்குள்ள அடி பிடிச்சிடும். இறக்கும்போது 4 மிளகு தட்டிப்போட்டு, மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை. பனங்கருப்பட்டி கடைசியில, ஆறினப்புறம். கொதிக்கும்போது போட்டா சில சமயம் பால் திரிஞ்சிடும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு, மூணு நாள்.

#7 பெருமாள்மலை

மேலே சொன்னது சரி. ரெண்டு எச்சரிக்கை மட்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க, பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ தேதி வாங்கினவங்க பூண்டை மருந்து அளவுக்குச் சாப்பிடக்கூடாது. சமையலில் போடுவது வேறு.

பச்சைப் பூண்டை அரைச்சு நெஞ்சுல, உள்ளங்காலில் கட்டிவிடாதீங்க. ஒரு ராத்திரியில் தோல் கொப்புளித்துத் தீக்காயம் மாதிரியே வரும். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம்.

#8 கவுஞ்சிக்காத்து

ரொம்ப நன்றி. ஈர்க்குக்குச்சி யோசனை அருமை.

இலை விஷயம் இன்னும் பாக்கி. ஆவி பிடிக்க நொச்சிக்குப் பதிலா யூக்காலி இலை சரியா? இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் நிக்குது.

#9 உரல்உலக்கை

சரி. ஆனால் எல்லா யூக்காலியும் தைல மரம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இனங்கள் இவை, இங்கே பல வகை கலந்து நிற்குது. தைலத்துக்கு ஏற்றதின் காய் தனித்தனியாக, பெரிதாக, மேலே சொரசொரப்பாக, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். காய் சின்னதாகக் கொத்துக் கொத்தாக இருந்தால் அது விறகுக்கும் கூழுக்கும் நட்ட வகை, வாசனையும் மட்டம். ஒரே மரத்திலும் இளங்கிளையில் வெளிர்நீலமாக வட்ட இலை இருக்கும், முதிர்ந்ததில் அரிவாள் மாதிரி நீண்டு வளைஞ்சு தொங்கும். நமக்கு அரிவாள் இலைதான் வேணும். கசக்கி முகர்ந்தால் மூக்கு ஏறிட்டுத் திறக்கணும்.

ஒரு கைப்பிடி, அதாவது 10, 12 இலையைக் கிழிச்சு 1 லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, கண்ணை மூடிக்கிட்டு 5 நிமிஷம். எரியும் அடுப்பு மேலேயே போர்வையைப் போட்டுக் குனிகிறவங்களைப் பார்த்தால் பதறுது.

தைலம் வாங்கி விடுவதாக இருந்தால் ஒரு பாத்திரத்துக்கு 2 சொட்டு போதும். 10 சொட்டு விட்டால் சளி இளகாது, தொண்டை எரிந்து இருமல் கூடும்.

#10 பெருமாள்மலை

குழந்தைகளுக்கு ஆவி பிடிப்பதே வேண்டாம். சளியால் சாகிறதைவிட வெந்நீர் கொட்டி வெந்துபோகிற வாய்ப்பு அதிகம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, குழந்தையை மடியில் வச்சுக்கிட்டு 10 நிமிஷம் உட்கார்ந்தாலே மூக்கு இளகும்.

யூக்காலி தைலம், கற்பூரம் இரண்டையும் கைக்குழந்தை மூக்கிலோ மூக்கடியிலோ தடவாதீங்க. உள்ளே போனால் வலிப்பு வரும். ஒரு டீஸ்பூன்கூடத் தேவையில்லை.

ஒரு வயசுக்குள் தேன் நாக்கில் வைக்கவே கூடாது, சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும். தேனில் இருக்கும் ஒரு கிருமி விதை பெரியவங்க குடலில் முளைக்காது, குழந்தை குடலில் முளைச்சு வாதம் வரவைக்கும். "உரை மருந்தைத் தேனில் உரசி"ன்னு யார் சொன்னாலும் தாய்ப்பாலோ வெந்நீரோதான்.

#11 தாண்டிக்குடி_மிளகு

இலை மாற்றுக்கு ஒரு வழி. எல்லாத்தையும் மேல வளக்கணும்னு ஏன் கஷ்டப்படறீங்க? கீழ்மலையில தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டின்னு காப்பித் தோட்ட வேலியெல்லாம் ஆடாதோடைதான். ஆடு தொடாதுங்கிறதாலதான் அந்தப் பேரே. தூதுவளை, கண்டங்கத்திரி எல்லாம் இன்னும் எறக்கத்துல கிடைக்கும். வாரச்சந்தைக்கு வர்றவங்ககிட்ட சொல்லிவிட்டா கொண்டாந்து தருவாங்க. காயவச்சு வச்சுக்கிட்டா அடுத்த மழைக்காலம் வரைக்கும் ஓடும்.

பச்சை இலைக்குப் பதிலா காஞ்சதைப் போட்டா அளவைக் காலா குறைக்கணும். பச்சையா 20 கிராம்னு இருந்தா காஞ்சது 5 கிராம். இதை மறந்துட்டுத்தான் "கசப்பு தாங்கல, வாந்தி வந்துடுச்சு"ங்கிறாங்க. வாந்தி கசப்பால இல்ல, அளவு கூடினதால.

கற்பூரவள்ளியை மேல்மலையில தரையில வைக்காதீங்க. தொட்டியில வச்சு, கூரை எறப்புக்கடியில சுவரோட ஒட்டி வைங்க. தெறந்த வானத்துக்குக் கீழ இருக்கிற செடி ராத்திரியில சூட்டை இழந்துதான் உறைபனி பிடிக்குது, எறப்பு இருந்தா தப்பிச்சிடும். கார்த்திகை பொறந்தா தண்ணியைக் குறைச்சிடுங்க. ஈரத்தண்டுதான் முதல்ல அழுகும். புரட்டாசியிலயே நாலு கொழுந்தை ஒடிச்சு வேற சட்டியில நட்டு வீட்டுக்குள்ள சன்னலோரம் வச்சா விதைக்குப் போல ஒண்ணு மிஞ்சும்.

சாறு எடுக்க: இலையைப் பச்சையா பிழிஞ்சா சொட்டும் வராது. தோசைக்கல்லு லேசாச் சுட்டதும் ரெண்டு பக்கமும் வாட்டுங்க, இலை துவண்டு பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆகும். அப்பப் பிழிஞ்சா ஆறு இலைக்கு ஒரு டீஸ்பூன் வரும்.

#12 உரல்உலக்கை

ஆடாதோடை பற்றி. அதிலுள்ள சத்தை ஆராய்ந்துதான் இன்று கடையில் விற்கும் புரோம்ஹெக்சின் மாத்திரையே உருவானது. கெட்டிச் சளியை இளக்கும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும். வறட்டு இருமலுக்கும் அது முதல் மருந்து இல்லை. இளக்க அங்கே சளியே இல்லாதபோது எதை இளக்கும்?

வறட்டு இருமலுக்கு அதிமதுரம் சரி. சுண்டுவிரல் நீளத் துண்டைத் தட்டி 200 மி.லி. தண்ணீரில் ஊறவைத்து 50 ஆக வற்றவைக்கலாம், அல்லது ஒரு துணுக்கை வாயில் அடக்கிக்கலாம். ரத்தக் கொதிப்பு உள்ளவங்களுக்கு வேண்டாம். தொடர்ந்து எடுத்தால் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைச்சு, அழுத்தத்தை ஏற்றிடும். இனிப்பா இருக்கே என்று மாசக்கணக்கில் மெல்லுகிறவங்களுக்குத்தான் சிக்கல்.

பிறகு திரிகடுகம். சுக்கு, மிளகு, திப்பிலி சம எடை. கடையில் வாங்கி அப்படியே இடிக்கக்கூடாது. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பது சும்மா வந்த பேச்சு இல்லை. சுக்கின் மேல் சுண்ணாம்பைக் குழைச்சுப் பூசி, காய்ந்ததும் கத்தியால் தோலோடு சுரண்டி எடுத்துக் கழுவிக் காயவைக்கணும். மிளகைப் புளிச்ச மோரில் ஒன்றேகால் மணி நேரம் ஊறவைத்து உலர்த்தணும். திப்பிலியை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து உலர்த்தி, இளவறுப்பாக வறுக்கணும். கடுக்காயில் கொட்டையை எடுத்துட்டுத் தோலை மட்டும் எடுக்கணும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் தனித்தனியாக இடித்துச் சலித்து, அப்புறம் நிறுத்துக் கலக்கணும். சேர்த்து இடித்தால் மிளகு முதலில் மாவாகிக் கீழே இறங்கிடும், சல்லடையில் நிற்கும் சுக்குநாரைத் தூக்கி எறிவோம், கடைசியில் கிடைப்பது பெயருக்குத் திரிகடுகம், உண்மையில் மிளகுப்பொடி.

அளவு: கால் டீஸ்பூன், தேனில் குழைச்சு, சாப்பாட்டுக்குப் பின். வயிற்றுப்புண் உள்ளவங்களுக்கு ஆகாது.

#13 தாண்டிக்குடி_மிளகு

மிளகுல பப்பாளி விதை கலக்குறாங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. தண்ணியில போடுங்க. முத்தின மிளகு முங்கும், பப்பாளி விதை மிதக்கும். ஆனா பிஞ்சு மிளகும் மிதக்கும், அதனால மிதந்ததை எல்லாம் கலப்படம்னு சண்டைக்குப் போகாதீங்க. எடுத்து நகத்துல கிள்ளிப் பாருங்க. மிளகு உருண்டை, உள்ள வெள்ளை, நாக்குல சுரீர்ங்கும். பப்பாளி விதை கொஞ்சம் நீள்வட்டம், காரமே இருக்காது.

#14 பூண்டுவாசம்

வல்லாரையைப் பத்தி யாரும் எழுதலையே. மேல்மலையில ஓடைக்கரை பூரா கிடக்கே, ஞாபகசக்திக்குப் பறிச்சிட்டுப் போறாங்க.

#15 உரல்உலக்கை

கிடப்பதில் பாதி வல்லாரை இல்லை. அதே மாதிரி தரையில் படர்ந்து, அதே வட்ட இலையோட இன்னொரு செடி ஈரமண்ணில் சேர்ந்தே வளரும். வல்லாரை இலையில் காம்பு சேரும் இடத்தில் ஆழமான பிளவு இருக்கும், இலை விசிறி மாதிரி, ஓரம் அரைவட்டப் பல் பல்லா. ஓடுதண்டு சிவப்போடிக் கணுவுக்குக் கணு வேர் விடும். வாயில் போட்டால் லேசான கசப்பும் துவர்ப்பும் தெரியும். சந்தேகம்னா பறிக்காதீங்க.

அதைவிடப் பெரிய பிரச்சனை இடம். கேரட், உருளைக்கிழங்கு வயலிலிருந்து வடிகிற ஓடை ஓரத்தில் பறிக்கிறாங்க. மேலே அடிச்ச மருந்து முழுக்க அங்கேதான் வந்து சேருது. மஞ்சள், உப்பு போட்டுக் கழுவினாலும் இலைக்குள் ஏறினது போகாது. நாலு தண்டு கொண்டுவந்து வீட்டுப் பின்னாடி, பாத்திரம் கழுவும் தண்ணீர் படாத ஈர இடத்தில் நட்டுக்கோங்க. ஒரே மாசத்தில் பாய் விரிச்சிடும்.

சோலைக்குள் போய் வேரோடு பிடுங்குவது வேண்டவே வேண்டாம். 2013-லிருந்து கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், சட்டப்படி குற்றம். நமக்கு வேண்டிய எதுவும் அங்கே போய்த்தான் எடுக்கணும்னு இல்லை.

#16 கவுஞ்சிக்காத்து

மூட்டுக் குத்தலுக்கு இங்க கடையில விக்கிற வின்டர்கிரீன் தைலம் பத்தியும் சொல்லுங்களேன். வீட்டுக்கு வீடு இருக்கு.

#17 பெருமாள்மலை

இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

சோலை ஓரத்துல வளர்ற ஒரு குறுஞ்செடியின் இலையை வடிச்சா வர்ற தைலம் அது. நீலகிரியில் நெடுங்காலமா வடிக்கிறாங்க. ஏறக்குறைய முழுக்க மீதைல் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினோட நெருங்கின சொந்தம். ஒரு டீஸ்பூன் அளவு 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேலே. மிட்டாய் வாசனை அடிக்கும், அதனால குழந்தை எடுத்துக் குடிச்சிடும். ஒரு வாய் குடிச்சாலும் உயிருக்கு ஆபத்து. வாந்தி எடுக்க வைக்காம உடனே 108.

வலிக்கு: 100 மி.லி. நல்லெண்ணெயில 5 மி.லி. தைலம் கலந்து தடவலாம். நேரா தடவினா தோல் வெந்துடும். தடவின இடத்துல வெந்நீர் பை, ஒத்தடம் வைக்கக்கூடாது, சூட்டுல தோல் வழியா உள்ள இறங்குறது கூடிடும். வார்ஃபரின் எடுக்கிறவங்க, ஆஸ்பிரின் ஒவ்வாதவங்க, குழந்தைங்க, கர்ப்பிணிங்க: வேண்டாம்.

ஒத்தடம்தான் வேணும்னா தைலம் இல்லாம, கல்லுப்பு ரெண்டு கைப்பிடி, கிழிச்ச யூக்காலி இலை ஒரு கைப்பிடி, இரும்புச்சட்டியில இலை சுருங்குற வரை வறுத்துப் பருத்தித் துணியில முடிச்சா வைங்க. முதல்ல உங்க மணிக்கட்டு உள்பக்கம் வச்சுப் பாருங்க. சர்க்கரை நோயால கால் மரத்துப்போனவங்களுக்கு மத்தவங்கதான் சூடு பார்க்கணும், அவங்களுக்குச் சுட்டாலும் தெரியாது.

#18 பூண்டுவாசம்

குளிர்ல காலு வெடிக்கிறதுக்குத் தேன்மெழுகு களிம்பு செய்றது சொல்லட்டா? கீழ்நாட்டுக் குறிப்புல தேங்காயெண்ணெய் 80 மி.லி., மெழுகு 20 கிராம்னு இருக்கும். இங்க அதைச் செஞ்சா சோப்புக்கட்டி ஆயிடும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா தானாவே உறையும், மேல்மலையில அது எப்பவுமே உறைஞ்சுதான் இருக்கு. அதனால நல்லெண்ணெய் 60, விளக்கெண்ணெய் 30, மெழுகு 10 கிராம். வெந்நீர்ச் சட்டிக்குள்ள இன்னொரு கிண்ணத்தை வச்சு மெழுகைக் கரைங்க, நேரா தீயில வேண்டாம். கரைஞ்சதும் இறக்கி, கை பொறுக்கிற சூட்டுல மஞ்சத்தூள் ஒரு டீஸ்பூன். ஆறும் வரைக்கும் கிண்டிக்கிட்டே இருந்தா மணல் மணலா ஆகாது.

கால்ல பூசுறதுக்கு முன்னாடி வெந்நீர்ல 10 நிமிஷம் ஊறணும், ஈரத்தை ஒத்தி எடுத்து உடனே பூசி உறை மாட்டணும். காஞ்ச கால்ல பூசினா மேலேயே வழுக்கிட்டு நிக்கும்.

#19 தாண்டிக்குடி_மிளகு

கூடவே ஒண்ணு. கொடைக்கானல் பக்கம் வேலி ஓரமெல்லாம் பெரிய மரமாட்டம் நின்னு, கீழ்நோக்கித் தொங்குற ஒரு முழப் பூ, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. ஊமத்தை இனம். மூச்சிரைப்புக்கு இலையைக் காயவச்சுப் புகை பிடிக்கச் சொல்றாங்க. செய்யாதீங்க. அளவு கொஞ்சம் தப்பினாலும் நா வறண்டு, கண்ணு தெரியாம, பேய் பிடிச்ச மாதிரி பெனாத்துவாங்க, மூச்சும் நின்னுடலாம்.

பூவைத் தொட்ட கையால கண்ணைக் கசக்கினாலே அந்தப் பக்கத்துக் கருவிழிப் பாப்பா மட்டும் அகலமாத் திறந்து, சில நாள் வரைக்கும்கூடச் சுருங்காது.

#20 பெருமாள்மலை

ஆமா. ஒரு கண் பாப்பா மட்டும் பெரிசா இருந்தா, டாக்டர்கிட்ட "இந்தப் பூவைத் தொட்டோம்"னு முதல் வார்த்தையிலேயே சொல்லிடுங்க. சொல்லலைன்னா தலைக்குள்ள ரத்தக்கசிவோன்னு ஸ்கேன் வரைக்கும் போவாங்க.

எந்தக் கஷாயத்தையும் நிறுத்திட்டு வண்டி பிடிக்க வேண்டிய கட்டங்கள்: இருமல் ரெண்டு வாரத்தைத் தாண்டினா சளிப் பரிசோதனை, காசநோய் இருக்கான்னு பார்க்கணும். சளியில ரத்தம். மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கிறதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை, ஏன்னா பித்தநாளத்துல அடைப்புன்னா எந்த இலையும் திறக்காது. குழந்தைக்கு மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க, தூங்கும்போதோ அழாம இருக்கும்போதோ: 2 மாசத்துல இருந்து 11 மாசம் வரை 50-ஓ அதுக்கு மேலயோ, 1 வயசுல இருந்து 5 வயசு வரை 40-ஓ அதுக்கு மேலயோ இருந்தா நிமோனியாவா இருக்கலாம். நெஞ்சுக்குழி உள்வாங்கினா எண்ணவே வேண்டாம், கிளம்புங்க. கிளாவரை, போளூர் பக்கம் இருக்கிறவங்க விடியட்டும்னு காத்திருக்காதீங்க, மூடுபனி இறங்கினா வண்டி மெதுவாத்தான் போகும்.

#21 கவுஞ்சிக்காத்து

எல்லாத்தையும் எழுதி அடுக்களைச் சுவர்ல ஒட்டப் போறேன். கடைசியா ஒரே ஒரு சந்தேகம்: வடிகட்டின சக்கையை மறுபடி ஒரு தடவை கொதிக்க வைக்கலாமா? சித்தரத்தை விலைக்கு மனசு கேக்க மாட்டேங்குது.

#22 உரல்உலக்கை

இலைச் சக்கை வேண்டாம். வேர், கிழங்குச் சக்கையை அதே நாள் சாயங்காலம் ஒரு தடவை வைக்கலாம். தண்ணீர் பாதி, 100 மி.லி. ஊற்றி 50 ஆக. காலையில் வடிகட்டினதை மூடாமல், ஒரு தட்டில் பரப்பி வைங்க. குவிச்சு மூடி வச்சால் சாயங்காலத்துக்குள் கொழகொழன்னு ஆயிடும், அப்ப அது செடிக்கு உரம்தான். மறுநாளுக்கு வைக்காதீங்க.

#23 தாண்டிக்குடி_மிளகு

சித்தரத்தை ரெண்டு முளை தர்றேன், சந்தைக்கு வர்றவங்ககிட்ட குடுத்துவிடறேன். எறப்புக்கடியில கற்பூரவள்ளிக்குப் பக்கத்துல வைங்க. ரெண்டு வருஷம் தோண்டாதீங்க.